இலந்தைப் பழமும் பேரிக்காயும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாவலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாவலை ஒரே ராத்திரியில் படித்துவிட்டு மறுநாள் காலையிலேயே ஆகா ஊகூ என்று புகழ்ந்துவிட்ட சிலரைச் சற்றுக் குத்திக் காட்ட வேண்டியிருந்தது. அப்போது எங்கோ படித்த ஒரு சீனப் பழமொழி ஞாபகத்துக்கு வந்தது. "பேரீச்சம் பழத்தை மெல்லாமல் முழுசாக விழுங்கிய சீனனைப் போல" என்று எழுதினேன். எழுதிய வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. பத்திரிகையிலும் வந்துவிட்டது.

நாலைந்து நாளில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கையெழுத்து மணிமணியாக இருந்தது. விஷயம் இதுதான்: "ஐயா, அந்தச் சீனன் விழுங்கியது பேரீச்சம் பழம் அல்ல. நம் ஊர் இலந்தைக்குப் பங்காளியான ஒரு பழம். இங்கிலீஷ்காரர்கள் அதற்குச் சீனத்துப் பேரீச்சை என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தாங்கள் அந்தப் பெயரை அப்படியே விழுங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது."

எனக்கு முதலில் கோபந்தான் வந்தது. பழம் எதுவாக இருந்தால் என்ன, கருத்து சரிதானே என்று பதில் எழுத உட்கார்ந்தேன். பாதிக் கடிதம் எழுதியதும் கை நின்றுவிட்டது. யோசனையில்லாமல் விழுங்குகிறவனைக் கேலி செய்யும் பழமொழி அது. அதை நானே யோசனையில்லாமல் விழுங்கியிருக்கிறேன். அதையும் இன்னொருவரைக் கேலி செய்வதற்காக எடுத்து வீசியிருக்கிறேன். எழுதிய பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தப் பழமொழியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். போன வழியில் கண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சீன மொழியில் நாலெழுத்துத் தொடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பெரியவர்கள் பேச்சிலும் எழுத்திலும் கடுகு தாளிப்பது போலத் தூவுகிறார்கள். இவற்றில் பலவற்றின் மடியில் ஒரு கதை முடிந்து வைக்கப்பட்டிருக்கும். நம்முடைய தொடர் 'ஹூலுன் துன் ட்ஸாவ்' என்பது. 'ஹூலுன்' என்றால் உடைபடாத, பிளவுபடாத முழுமை. 'துன்' என்றால் விழுங்குதல். 'ட்ஸாவ்' என்பது அந்தப் பழத்தின் பெயர். இலந்தையை முழுசாக விழுங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். பொருள் தெரியாமல் பாடத்தை உருப்போடும் மாணவன், ருசி தெரியாமல் புத்தகத்தைத் தின்று தீர்க்கும் வாசகன், யாரோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும் மேதாவி எல்லாருக்கும் இந்தத் தொடர் பொருந்தும். நாம் 'நுனிப்புல் மேய்தல்' என்று சொல்வதற்கு இது கிட்டத்தட்ட உறவு. ஆனால் முழு உறவு அல்ல. நுனிப்புல் மேய்கிறவன் கொஞ்சந்தான் எடுத்துக்கொள்கிறான். இவனோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொண்டும் ஒன்றையும் பெறவில்லை என்பதுதான் கேலி.

பழத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இந்தக் கேலி இன்னும் நன்றாக விளங்கும். சீனத்து இலந்தை நம் இலந்தையைவிடத் தித்திப்பு. பழுத்தால் செம்மண் நிறம். வெயிலில் உலர்த்தி வைத்துக்கொண்டு கஞ்சியிலும் கஷாயத்திலும் போடுகிறார்கள். உள்ளே நீளமான கொட்டை, கல் மாதிரி, இரண்டு முனையும் கூராக இருக்கும். மென்று தின்கிறவனுக்குத் தித்திப்பு கிடைக்கிறது; கொட்டையைத் துப்பிவிடுகிறான். முழுசாக விழுங்குகிறவன் தித்திப்பை இழந்துவிட்டுக் கொட்டையை வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்கிறான். யோசனையில்லாமல் படிப்பதன் பலன் இதற்குமேல் என்ன?

இனிக் கதைக்கு வருகிறேன். பாய் டிங் என்று ஒரு சீன எழுத்தாளர். 1248-இல் பிறந்து 1328-இல் இறந்தவர். சோங் அரச வம்சம் அழிந்து மங்கோலியர் ஆட்சி வந்த காலத்து மனிதர். அவர் எழுதி வைத்த ஒரு குறிப்பு நூலில் இந்தக் கதை வருகிறது.

நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். விருந்தாளி ஒருவர் வைத்திய விஷயம் சொல்கிறார். பேரிக்காய் பல்லுக்கு நல்லது, ஆனால் மண்ணீரலைக் கெடுத்துவிடும். இலந்தை மண்ணீரலுக்கு நல்லது, ஆனால் பல்லைக் கெடுத்துவிடும் என்கிறார். சீன வைத்தியத்தில் மண்ணீரல் என்றால் ஜீரண சக்திக்கே அதிபதி. அங்கே ஒரு மந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அவன் நெடுநேரம் யோசிக்கிறான். யோசித்துவிட்டுச் சொல்கிறான்: பேரிக்காயை மெல்லுவேன், விழுங்க மாட்டேன், அப்போது என் மண்ணீரலுக்குக் கெடுதல் இல்லை. இலந்தையை விழுங்குவேன், மெல்ல மாட்டேன். அப்போது என் பல்லுக்குக் கெடுதல் இல்லை. பக்கத்திலிருந்த குறும்புக்காரர் ஒருவர், நீ நிஜமாகவே இலந்தையை முழுசாக விழுங்குகிற ஆசாமிதான் அப்பா என்கிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

கதை இவ்வளவுதான். இதைப் பிள்ளைகள் புத்தகங்களில் ஒரு நிமிஷத்தில் சொல்லி, 'ஆகையால் யோசனையில்லாமல் எதையும் செய்யக் கூடாது' என்று நீதியும் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆனால் கொஞ்சம் மென்று பார்த்தால் இரண்டு இடங்களில் பல்லில் தட்டுப்படுகிறது.

முதலாவது, அந்தப் பையன் யோசித்தான். நெடுநேரம் யோசித்தான் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். யோசனையின்மைக்கு உதாரணமாக உலகம் எடுத்துக்கொண்ட ஆள், அந்தக் கூட்டத்திலேயே அதிகமாக யோசித்தவன்! அவனுடைய தர்க்கத்திலும் ஓட்டை கிடையாது. மெல்லாவிட்டால் பல் தேயாது. விழுங்காவிட்டால் மண்ணீரல் கெடாது. ஒரு வக்கீல்கூட மறுக்க முடியாது. அப்படியானால் எங்கே தவறினான்? தனக்கு ஒரு நஷ்டமும் வராமல் லாபத்தை மட்டும் எடுப்பது எப்படி என்று யோசித்தான். பழம் என்பது எதற்காக என்று யோசிக்கவில்லை. அவன் மூளை ஓயாமல் வேலை செய்தது. தன் பல்லைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் வேலை செய்தது.

நாம் சாதாரணமாக யோசனையின்மை என்று சொல்லும்போது தூங்குமூஞ்சித்தனத்தை நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்த வரையில், யோசனையில்லாமல் நடக்கிற பெரிய காரியங்களெல்லாம் தூங்குமூஞ்சிகள் செய்தவை அல்ல. சுறுசுறுப்பான, கணக்குத் தெரிந்த, தனக்குத் தேய்மானம் வராமல் பார்த்துக்கொள்கிற மனிதர்கள் செய்தவை. பாய் டிங் 'நெடுநேரம் யோசித்து' என்று ஒரு சொல்லைச் சும்மா போட்டுவைக்கவில்லை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, இந்தக் கதையிலிருந்துதான் அந்தத் தொடர் பிறந்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கதையை நன்றாகப் பாருங்கள். கடைசியில் குறும்புக்காரர் அந்தத் தொடரைச் சொன்னதும் ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்? அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த தொடர் என்பதால்தான். உவமையாகவே வழங்கிவந்த ஒரு வசவுக்கு நிஜமாகவே பொருத்தமான ஆள் ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டான். அதுதான் வேடிக்கை. தொடர் முந்தியது, கதை பிந்தியது.

இதற்கு வேறு சாட்சிகளும் இருக்கின்றன. யுவான்வூ என்று ஒரு ஜென் குரு, 1135-இல் காலமானவர். 'நீலப் பாறைச் சுவடி' என்ற பிரசித்தமான நூலில், பழைய குருமார்களின் புதிர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு போகிறவர், விஷயம் அறிந்தவன் மென்று விழுங்குகிறான், அறியாதவன் இலந்தையை முழுசாக விழுங்குகிறவன் மாதிரி என்ற கருத்தைச் சொல்கிறார். பாய் டிங் பிறப்பதற்கு நூறு வருஷங்களுக்கு முன்னால்! பிறகு ஜூ ஷி. 1130-இல் பிறந்து 1200-இல் மறைந்தவர். கன்பூஷியஸின் நூல்களுக்கு அவர் எழுதிய உரைகள்தான் பின்னால் சீன அரசாங்கப் பரீட்சைகளுக்குப் பல நூறு வருஷங்கள் பாடமாக இருந்தன. அவரும் ஒரு கடிதத்தில் இதே உவமையை எடுத்து ஒருவரைக் கண்டிக்கிறார். எதற்காக? வாயைத் திறந்தால் வேரும் நுனியும் ஒன்றே, நுட்பமும் பருமையும் ஒன்றே என்று பெரிய தத்துவமாகப் பேசுகிறாரே தவிர, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தவராக இல்லை என்பதற்காக.

இந்த ஜூ ஷி இளம் வயதில் ஜென் மார்க்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்து, பிறகு அதை மும்முரமாக எதிர்த்தவர். மடத்தில் வழங்கிய வசவு மடத்துக்கு எதிரியின் பேனாவிலும் வந்துவிட்டது. யார் வீட்டிலும் மெல்லாமல் விழுங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்று தெரிகிறது. பெரிய உண்மைகளைத்தான் முழுசாக விழுங்குவது சுலபம் என்பதையும் அந்த இரண்டு பேரும் கண்டுகொண்டிருக்கிறார்கள். சின்ன விஷயம் தொண்டையில் உறுத்தும். 'எல்லாம் ஒன்று' என்பது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த சாட்சி வேறொன்று. 'மேற்குப் பயணம்' என்ற சீன மாபெருங் கதை 1592-இல் அச்சானது. யுவான் சுவாங் என்ற பிக்கு இந்தியாவுக்குப் புறப்பட்டு வருவதை வைத்துக்கொண்டு, ஒரு குரங்கு, ஒரு பன்றி, ஒரு நதிப் பூதம் ஆகிய மூன்று சீடர்களைக் கூட அனுப்பி, சிரிப்பும் மாயமுமாகக் கதை நடத்திக்கொண்டு போகிறது அந்தப் புத்தகம். அதன் 24-ஆவது அத்தியாயத்தில் ஒரு மலைமேல் ஒரு ஆசிரமம். அங்கே ஒரு மரம். மூவாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். இன்னும் மூவாயிரம் வருஷத்தில் காய்க்கும். பழுக்க இன்னொரு மூவாயிரம். அப்போதும் முப்பது பழந்தான். பழம் பிறந்த குழந்தையின் வடிவத்தில் இருக்கும். மோந்து பார்த்தாலே 360 வருஷம் ஆயுசு. ஒன்றைத் தின்றால் 47,000 வருஷம்.

குருவுக்கென்று கொண்டுவந்த இரண்டு பழங்களை அவர் குழந்தைகள் என்று நினைத்துப் பயந்து வேண்டாமென்கிறார். கொண்டுவந்த ஆசிரமப் பையன்களே அவற்றைத் தின்றுவிடுகிறார்கள். அதை ஒட்டுக் கேட்ட பன்றிச் சீடன் ஜூ பாஜியே, குரங்கைத் தூண்டிவிட்டு மூன்று பழங்களைத் திருடிக்கொண்டு வரச் செய்கிறான். ஆளுக்கொன்று. பாஜியே வாயை அகலத் திறந்தான், பழம் உள்ளே போய்விட்டது. அப்புறம் மற்ற இருவரும் தின்பதைப் பார்த்து, என்ன தின்கிறீர்கள், ருசி எப்படி என்று கேட்கிறான். நீ முதலில் தின்றுவிட்டாயே என்கிறார்கள். அவசரத்தில் விழுங்கிவிட்டேன், உள்ளே கொட்டை இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது, இன்னொன்று கொண்டுவா என்று முனகுகிறான். அந்த முனகல்தான் ஆசிரமப் பையன்கள் காதில் விழுந்து திருட்டு அம்பலமாகிறது. சண்டை மூள்கிறது. குரங்கு அந்த மரத்தையே வேரோடு சாய்த்துவிடுகிறது. பிறகு கருணைத் தேவி வந்து மரத்துக்கு உயிர் கொடுக்கும் வரையில் எல்லாரும் படாத பாடு படுகிறார்கள். இன்றைக்கும் சீனத்தில் ஒருவன் நல்ல பொருளை ருசியறியாமல் தீர்த்துவிட்டால் 'பாஜியே அந்தப் பழத்தைத் தின்ற மாதிரி' என்கிறார்கள்.

பாஜியே ஆயுசைப் பெற்றான், ருசியைப் பெறவில்லை. அதனால்தான் இன்னொன்று கேட்டான். மென்று தின்ற இருவரும் இன்னொன்று கேட்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாடகை நூல்நிலையத்திலிருந்து வாரத்துக்கு ஏழு நாவல்கள் எடுத்துக்கொண்டு போகிற ஒரு நண்பர் ஞாபகம் வருவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் "இன்னும் ஏதாவது புதுசாக இருக்கிறதா?" என்று கேட்பார். போன வாரம் படித்தது எப்படி என்று கேட்டால், "அதுவா? ஒரு விதவை, ஒரு மிராசுதார், கடைசியில் கோர்ட்டு" என்பார். அந்த நாவலில் ஒரு கிழவி சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து லாந்தர் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைக்கிற இடம் ஒன்று உண்டு. ஆசிரியர் அந்தப் புத்தகத்தை எழுதியதே அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். நண்பர் அதைத் தாண்டிப் போய்விட்டார். அங்கே கோர்ட்டு இல்லை அல்லவா?

அவரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இளம் எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் அனுப்புவதுண்டு. ஒரு பிரதியின் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்த்துவிட்டு, 'முயற்சி நன்று. நடையில் இன்னும் கவனம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை எழுதுவதற்கு எவ்வளவு சாமர்த்தியமாக யோசித்தேன் தெரியுமா? எந்தக் கதைக்கும் பொருந்துகிற வாக்கியம். யாரும் குறை சொல்ல முடியாத வாக்கியம். என் பல் தேயவில்லை. அந்தப் பையன் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதியது என் வயிற்றில் கொட்டையாகக் கிடக்கிறது.

இவ்வளவும் இலந்தையைப் பற்றி. கதையில் இன்னொரு பழமும் இருந்ததே, அது எங்கே போயிற்று?

கதையில் பேரிக்காய்தான் முதலில் வருகிறது. மந்தப் பிள்ளை இரண்டு முட்டாள்தனங்கள் செய்தான்; உலகம் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. விழுங்கி மெல்லாதவன் பழமொழியானான். மென்று விழுங்காதவனை மறந்துவிட்டார்கள். மறந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பழமொழிகளை எடுத்தாளுகிறவர்கள் படித்தவர்கள். விழுங்குகிற கூட்டத்தைக் கேலி செய்வது அவர்களுக்குச் சௌகரியம். மென்று துப்புகிற கூட்டம் அவர்களுடைய சொந்தக் கூட்டம் அல்லவா?

மென்று துப்புகிற வாசகரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் ரஸிகர். நல்ல வாக்கியத்தின் கீழே பென்ஸிலால் கோடு போடுவார். உத்தியைப் பற்றிப் பேசுவார். இந்த இடத்தில் ஆசிரியர் எந்த ருஷ்யனைப் பார்த்து எழுதினார் என்று சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் அவமானப்பட்ட ஒரு சமையற்காரனின் கதையைக் கண்கலங்கப் படிப்பார். "என்ன அற்புதமான படைப்பு!" என்பார். பத்து நிமிஷம் கழித்துச் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று தம் வீட்டுச் சமையற்காரரை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி திட்டுவார். கதையின் சாறு முழுவதும் அவர் நாக்கில் பட்டது. தொண்டைக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அவருக்கு ஏதாவது கெடுதல் வந்திருக்கும். அதாவது, சமையற்காரரிடம் பேசும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

சீனத்தில் இவரைப் போன்றவருக்கு இன்னொரு நாலெழுத்துத் தொடர் வழங்குகிறது. எழுத்தைக் கடித்துச் சொல்லை மெல்லுதல் என்பது அதன் பொருள். சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு தொங்கும் பண்டிதரைக் கேலி செய்ய அதைச் சொல்வார்கள். ஆனால் அது தனியாக எங்கோ கிடக்கிறது. இலந்தைக்கும் பேரிக்காய்க்கும் ஒரே மனிதன்தான் சொந்தக்காரன், விழுங்குவதும் மெல்லுவதும் ஒரே பயத்தின் இரண்டு தந்திரங்கள் என்ற உண்மை பாய் டிங்கின் கதையில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு தந்திரங்களும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு நாலெழுத்துத் தொடரை அறிமுகப்படுத்த வேண்டும்.

தாவ் யுவான்மிங் என்ற பெருங்கவிஞர் 427-இல் காலமானவர். ஐந்து அலரி மரங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு ஏழை மனிதரைப் பற்றி அவர் ஒரு சின்னச் சித்திரம் எழுதியிருக்கிறார். அது அவருடைய சொந்தச் சித்திரந்தான் என்பார்கள். அந்த மனிதருக்குப் படிப்பதில் ஆசை. ஆனால் அதிகப்படியான விளக்கத்தைத் தேடிப் போக மாட்டார். ஏதாவது ஓரிடத்தில் மனசு ஒட்டிக்கொண்டால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அந்தக் காலத்து உரைகாரர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவதில் பேர்போனவர்கள். அதற்கு எதிராகச் சொன்ன பேச்சு இது. ஆனால் 'அதிகம் விளக்கம் தேடாமை' என்ற நாலு எழுத்துகள் மட்டும் தனியாகப் பிரிந்து வந்துவிட்டன. அரைகுறையாகப் படித்துத் திருப்தியடைகிறவனைத் திட்டுவதற்கு இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். சாப்பாட்டை மறந்தவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பழமொழிகள் பிறக்கிற விதமே இப்படித்தான் போலிருக்கிறது. ஒரு நல்ல பக்கத்திலிருந்து நாலு எழுத்தைக் கிள்ளிக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

இந்தத் தொடருக்கு அதன் பழைய மானத்தை மீட்டுக் கொடுக்க ஒருவர் முயன்றார். அவர் பெயர் டெங் டுவோ. 1912-இல் பிறந்தவர், சரித்திரம் படித்தவர், மக்கள் தினசரிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1961-ஆம் வருஷம் மார்ச் மாதம் முதல் 1962 செப்டம்பர் வரையில் பெய்ஜிங்கின் மாலைப் பத்திரிகை ஒன்றில் மா நான்சுன் என்ற புனைபெயரில் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதிவந்தார். 'யான்ஷான் இரவுப் பேச்சுகள்' என்று பெயர். பழைய நூல்கள், சரித்திரம், படிக்கும் முறை என்று பலதும் பேசினார். அவற்றில் ஒன்று தாவ் யுவான்மிங்கின் இந்தத் தொடரைப் பற்றியது. முதலில் படிப்பதில் ஆசை வேண்டும். பிறகு, சொல்லுக்குச் சொல் சிக்கிக்கொண்டு கிடக்காமல் பொருளோடு ஒன்ற வேண்டும். எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்ற அகந்தையும் கூடாது என்ற தோரணையில் அதை எடுத்து விளக்கினார்.

நாலு வருஷம் கழித்து, 1966-இல், கலாசாரப் புரட்சி தொடங்கும் சமயத்தில், இந்தக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக மெல்ல ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒன்று, ஒரு முட்டையைக் கண்டெடுத்தவன் அதிலிருந்து கோழி, கோழியிலிருந்து பசு, பசுவிலிருந்து பெருஞ்சொத்து என்று மனக்கணக்குப் போட, கடைசியில் மனைவி முட்டையை உடைத்துவிடும் பழைய கதையைச் சொல்வது. இது அரசாங்கத்தின் பெரிய திட்டங்களைக் கேலி செய்வது என்றார்கள். அப்படி ஒரு உட்பொருள் அதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மென்றவர்கள் பொருளை உள்ளே வாங்கிக்கொள்ள மெல்லவில்லை. விஷம் இருக்கிறதென்று காட்டித் துப்புவதற்காகவே மென்றார்கள். அவரோடு சேர்ந்து எழுதிய வூ ஹான், லியாவ் மோஷா ஆகிய இருவரையும் சேர்த்து மூவருக்கும் ஒரே முத்திரை குத்தினார்கள். தீர்ப்பு அச்சாகித் தேசமெங்கும் போயிற்று. தேசமெங்கும் அதை முழுசாக விழுங்க வேண்டியிருந்தது. கட்டுரைகளை எடுத்துப் பார், நீயே முடிவு செய் என்று சொல்வாரில்லை. அந்த வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி டெங் டுவோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1979-இல் அவர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார்கள். புத்தகமும் மறுபடி அச்சாயிற்று.

மேலே சிலர் மென்று துப்பினார்கள். கீழே கோடிப் பேர் மெல்லாமல் விழுங்கினார்கள். நடுவில் ஒரு மனிதர் போய்விட்டார். அவர் எழுதியதோ எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றி! இவர்களில் யாரும் யோசிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாரும் நெடுநேரம் யோசித்துத்தான் இருப்பார்கள், தம் தம் பல்லைப் பற்றி. விழுங்கியவர்களில் பலருக்கு வேறு வழியும் இருந்திராது. அவர்களை இங்கே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு ஏளனம் செய்ய எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் பல் போகுமென்ற பயம் ஒன்றுமில்லாத காலத்திலும் ஊரிலும் இருந்துகொண்டு நாம் விழுங்குகிறோமே, அதற்கு என்ன சமாதானம்?

"அப்படியானால் நாவலை எப்படித்தான் ஐயா படிப்பது? ஒவ்வொரு பக்கமாக மென்றுகொண்டிருந்தால் கதை ஓடுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கதையை முதல் தடவை விழுங்கத்தான் வேண்டும். ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடுகிற சந்தோஷத்தைக் குறை சொல்கிறவன் கதாசிரியனே அல்ல. நாங்கள் எழுதுவதே நீங்கள் அப்படி ஓடத்தான்.

இதற்கு வழி நம்முடைய நன்னூல்காரர் சொல்லிவைத்திருக்கிறார். மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் முதல் வரிசையில் வைத்தார். பசு என்ன செய்கிறது? கண்ட புல்லை மளமளவென்று மேய்ந்து உள்ளே தள்ளிக்கொள்கிறது. அப்போது அது மென்று கொண்டிருப்பதில்லை. பிறகு நிழலான ஓரிடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, விழுங்கியதையெல்லாம் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, அரைக் கண் மூடி, அசை போடுகிறது. விழுங்கியது பாவமில்லை. திரும்பக் கொண்டுவராததுதான் பாவம். படித்து முடித்த மறுநாள், காய்கறி வாங்கப் போகும் வழியிலோ, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ, அந்தக் கிழவி ஏன் அந்த லாந்தரை அவ்வளவு நேரம் துடைத்தாள் என்று உங்களுக்குத் தோன்றினால் போதும். நீங்கள் மெல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். அதற்கப்புறம் உங்கள் வீட்டுக் கிழவியை வேறு கண்ணால் பார்த்தீர்களானால், விழுங்கியும் விட்டீர்கள். பேரிக்காயும் ஆயிற்று, இலந்தையும் ஆயிற்று. பல் கொஞ்சம் தேயும். மண்ணீரலும் கொஞ்சம் கெடும். அதற்கென்ன செய்வது? பழம் தின்னப் பிறந்த பல்தானே!

எனக்குக் கடிதம் எழுதியவருக்கு அப்புறம் ஒரு கார்டில் நன்றி எழுதிப் போட்டேன். அந்தப் பழைய கட்டுரை புத்தகத்தில் சேரும்போது பேரீச்சம் பழத்தை இலந்தைப் பழமாகத் திருத்திவிடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மென்று படிக்கிற வாசகர் யாருக்காவது அந்தக் கொட்டை பல்லில் தட்டுப்படட்டும். அவரும் எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.